இடது பின் சக்கரம்

டயர்க்காரர் கம்பியை இரண்டாவது தடவை அழுத்தியதும், ரிம்மின் ஓரம் ரஸ்க் மாதிரி உடைந்து அவர் மடியில் விழுந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரும்பு இப்படி உடைந்து அவள் பார்த்ததே இல்லை. அதுவும் டிராக்டரின் பின் சக்கரம். இரண்டு பேர் சேர்ந்து உருட்டினாலே மூச்சு வாங்கவைக்கிற சாமான்.

டயர்க்காரர் டியூபை இழுத்து வெளியே போட்டார். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் முற்றத்தில் ஓடியது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினார். உப்பு.

அது அவளுக்கும் தெரிந்ததுதான். சேற்றில் உழும்போது சக்கரம் வழுக்காமல் இருக்க வண்டிக்குக் கனம் வேண்டும். அதற்காகப் பின் டயர் இரண்டிலும் முக்கால் பாகத்துக்கு உப்புத் தண்ணீர் ஏற்றியவனே அவள் கணவன்தான். வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கனம் அதிகம். ஆனால் டியூப் கசிந்தால் அன்றைக்கே கழற்றி, ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்துவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் உப்பு உள்ளேயே உட்கார்ந்து இரும்பைத் தின்னும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"விழுந்ததுல ரிம் உடையலம்மா," என்றார் டயர்க்காரர். "ரிம் உடைஞ்சதுலதான் வண்டியே விழுந்திருக்கு."

சம்மட்டியால் தலையில் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டி சரிவில் புரண்டது. ஓட்டியவன் அவள் தம்பி. மட்கார்டில் உட்கார்ந்திருந்தவன் அவள் கணவன். தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கணவனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இளரத்தம், சரிவில் பறந்திருப்பான் என்று ஊரே பேசியது. தம்பி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அவளும்தான். எனக்குத் தம்பியே பிறக்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

அவன் போய்விட்டான். எங்கேயோ லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறானாம். ஸ்டியரிங் பக்கமே போவதில்லையாம்.

பாவிப்பயல், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

போனை எடுத்தாள். அவன் நம்பரைப் போனிலிருந்து அழித்திருந்தாள், மனசிலிருந்து அழியவில்லை. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை மணி அடித்தது.

தம்பிமேல் தப்பே இல்லையாம், கேட்டீர்களா என்று கணவனைப் பார்த்து அவள் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நாற்காலியில் கணவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று எட்டு மாதமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவன் அவன். வண்டியைப் பார்த்தாலே பயம் வருகிறது போல, பாவம் என்று அவள் நினைத்திருந்தாள். உழவு நெருங்கிவிட்டதால், அவன் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் கேட்காமல் இன்று டயர்க்காரரைக் கூட்டிவந்தது அவள்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

டயர்க்காரர் ரிம்மின் உள்பக்கத்தைக் கையால் துழாவினார். துருவோடு ஒட்டிக்கிடந்த எதையோ உரித்தெடுத்து அவளிடம் நீட்டினார். ரிம்மில் எப்போதோ ஓட்டை விழுந்திருக்கிறது, துரு டியூபைக் குத்தாமல் இருக்க யாரோ இதை வெட்டி மெத்தை கொடுத்து, வெளியே பெயின்டையும் பூசி மாட்டியிருக்கிறார்கள் என்றார். எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பச்சை ரப்பர். மேலெல்லாம் புள்ளி புள்ளியாக மேடு.

அவள் சமையலறை வாசலில் கிடந்த கால்மிதி. வண்டி புரள்வதற்கு ஒரு மாதம் முன்னால் அது காணாமல்போனது. நாய்தான் இழுத்துப்போயிருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்றாள்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கணவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

"ஒரு போகம் தாங்கும்னு நெனைச்சேன்," என்றான்.

இந்தச் சக்கரம் இப்படி இருக்கிறது என்று தெரிந்தேதான் தம்பியை ஓட்டச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் தம்பியைக் கரித்துக்கொட்டியதை இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

போனில் யாரோ அக்கா, அக்கா என்று கூப்பிடுவது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

டயரைக் கழட்டிட்டோம்டா என்றாள்.

அந்தப் பக்கம் லாரி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"பள்ளத்துல கிடந்தப்பவே மாமா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருக்கா," என்றான் தம்பி. "நீ அவரை ஒண்ணும் கேட்டுடாதே."