பிறந்த வீட்டுக் கோடி

"வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லமாட்டியா, மாப்ளே?"

தேவாரம் ஊர்க் களத்தில் சோளம் தூற்றிக்கொண்டிருந்த நல்லகண்ணு நிமிர்ந்தான். அக்கா புருஷன் தவசி! பதினோரு வருஷம் கழித்து மார்க்கையன்கோட்டையிலிருந்து வண்டி கட்டி வந்து நிற்கிறார். மனுஷருக்கு மூச்சு வாங்கியது.

"எதுக்கு வந்தீக?" என்றான், முறத்தைக் கீழே வைக்காமல்.

கோபம் இருக்காதா பின்னே? போடிக்கு ரயில் வந்த வருஷம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. சீர் ஏற்றிய வண்டி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. இவன் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒரு பங்காளி மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காதைக் குத்திவிட்டார் தவசி. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போதே! சீரோடு திரும்பியவன் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"சின்னமனூர் டாக்டரு கைய விரிச்சுட்டாக. ஆடி தாண்டாதாம்."

முறம் நழுவி விழுந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா இப்பவே ஒடஞ்சுபோவா. அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான் மாப்ளே. அதுக்காக ஊரு கூடி நிக்கையில பொறந்த வீட்டுக் கோடிச் சீல வராம, ஒங்கக்கா நாதியத்தவளா ஆயிரக் கூடாது. அதக் கேட்டு வாங்கத்தான் வந்தேன்."

தாயில்லாத வீட்டில் நல்லகண்ணுவை இடுப்பில் சுமந்தே வளர்த்தவள் அக்கா மாயக்காள். கல்யாண வண்டியில்கூட, தம்பி இல்லாமல் ஏறமாட்டேன் என்று ஒரே அடம்.

"ஒரு மாசம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக் கெடந்த பயதான நீ!" தவசி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை.

நல்லகண்ணு செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினான். பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்து வந்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"காதுகுத்துச் சீருல அக்காவுக்கு எடுத்தது மச்சான். யாரையும் தொடவிடல. இதையே கோடியாப் போடுறேன். எங்கக்கா மஞ்சக் குங்குமத்தோட, மகராசியாப் போகட்டும்." சொல்லி முடிப்பதற்குள் பொசுக்கென்று அழுதுவிட்டான்.

தவசி அந்தச் சேலையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு அதை அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இத நாளைக்கே கொண்டாந்து ஒங்கக்காகிட்ட குடு மாப்ளே. ஆடி வரைக்கும் ஆச தீரக் கட்டிக்கிறட்டும். ஊரு கூடுற அன்னிக்கு வரும்போது நீ வெள்ளச் சீல எடுத்துட்டு வா."