பெற்றோர் விருப்பம்

பதினேழாவது பெயருக்கு வந்ததும் அவர் அடிக்கோலை அதற்கு மேல் நகர்த்தவில்லை.

சேர்க்கைப் பதிவேட்டின் தாள் பழுப்பேறியிருந்தது. எழுத்து மங்கவில்லை. அவருடைய எழுத்துதான். தலைமையாசிரியராக இருந்தவரை அந்தப் பதிவேட்டில் வேறொருவர் எழுத அவர் அனுமதித்ததில்லை.

அப்பா தொடங்கிய பள்ளி. அப்பாவுக்குப் பின் அவர். இருபத்தாறு ஆண்டுகள் பத்தாம் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்றதில்லை. ஊரில் அவர் வீட்டுக்கு வழி கேட்டால், நூற்றுக்கு நூறு வீடா என்பார்கள்.

அதை முறையாக எழுதி வைக்கத்தான் ஓய்வுக்குப் பின் ஆசிரியர் ஆய்வு வட்டத்தில் சேர்ந்தார்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. பயிற்சி நிறுவனத்தின் மாடியறை. பன்னிரண்டு ஆசிரியர்கள். தங்கள் வகுப்பில் நடப்பதைத் தாங்களே ஆராய்கிறவர்கள். எல்லோருக்கும் முதல் வேலை ஒன்றுதான். தனக்கென்று ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று மாதம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் மாதம் எழுந்து நின்று வாசித்தார்.

‘எங்கள் பள்ளியின் நூறு விழுக்காடு தேர்ச்சிக்கான காரணங்கள்.’

“சார்வாள், இது ஆய்வுக்கா, பிளக்ஸ் போர்டுக்கா?” என்றார் கணக்கு ஆசிரியர் பீர் முகமது.

அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வட்டத்தை நடத்தும் ஜெசிந்தாவும் சிரிக்கவில்லை.

“பத்தாவது எழுதுனவங்க அத்தனை பேரும் பாஸ். சரி சார். ஆறாவதுல சேந்தவங்க எத்தனை பேரு? ஒரே ஒரு வருஷம் பாருங்க. எந்த வருஷம்னு நீங்களே எடுத்துக்கிடுங்க.”

அவர் எடுத்தது பள்ளி மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற ஆண்டு.

வேறு எந்த ஆண்டை எடுப்பார்? அந்த ஆண்டு எழுதிய வகுப்பில் அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருந்தது என்பதை அவர் நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்து பழகிவிட்டார்.

சேர்ந்தவர்கள் அறுபத்தொரு பேர். தேர்வு எழுதியவர்கள் நாற்பத்து நான்கு பேர்.

மீதிப் பதினேழு பேரும் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போயிருந்தார்கள்.

வாங்கவில்லை. அவர் கொடுத்தார்.

தேறமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டவர்களின் வீட்டில் இருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னார். சான்றிதழை மேசைமேல் வைத்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு தாய் மட்டும் போகாமல் மணியடிக்கும்வரை நின்றாள்.

வெளியேறிய காரணம் என்ற கட்டத்தில் பதினேழு முறையும் ஒன்றையே எழுதியிருந்தார்.

பெற்றோர் விருப்பம்.

பதினாறு இடத்தில் அது பொய்.

பதினேழாவது, அவர் மகன்.

கணக்கில் பதினெட்டு. ஆங்கிலத்தில் இருபத்தொன்று. ஆசிரியர்கள் வந்து தயங்கி நின்றார்கள். “தம்பி மட்டும் இருக்கட்டும் சார். நாங்க பாத்துக்கிடுதோம்.”

அவர் கேட்கவில்லை. பிறர் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது அப்பா கட்டிய பள்ளியில் நடக்காது. நேர்மை என்றுதான் அன்று நினைத்தார்.

அவன் சான்றிதழை வாங்கி நான்காக மடித்தான்.

“மடிக்காத. எழுத்து அழிஞ்சிரும்.”

அவனிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போலீசில் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். அத்தை வீட்டில் படிக்கிறான் என்றார். பிறகு மும்பையில் வேலை என்றார். அவர் சொன்னால் ஊர் நம்பும். தேடச் சொல்லிச் சொல்லியே மனைவி செத்துப்போனாள்.

பதிவேட்டை மூடினார்.

வேறொரு ஆண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குள் பதினாறு பேரின் விலாசங்களைத் தேடிப் பிடித்தார். தெருத்தெருவாக அவரே நடந்தார். இரண்டு வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மற்ற இடங்களில் இப்போது இருக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்.

‘ஒன்பதாம் வகுப்போடு நான் வெளியே அனுப்பிய பிள்ளைகள் என்ன ஆனார்கள்?’

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

“சார்வாள்,” என்றார் பீர் முகமது தாழ்ந்த குரலில். “இது வெளிய வந்தா ஒங்க அப்பா பேரு என்ன ஆகும்? யோசிச்சுக்கிடுங்க.”

“யோசிச்சாச்சு.”

தன் மாணவரைத் தானே பேட்டி காணக்கூடாது என்பது வட்டத்தின் வழக்கம். ஆசிரியர் முகத்துக்கு நேரே பிள்ளைகள் உண்மை பேச மாட்டார்கள். வேறொருவர்தான் போக வேண்டும். பீர் முகமது நோட்டைத் திறந்தார்.

“பேரு வேண்டாம் சார்,” என்றார் ஜெசிந்தா. “எண்ணும் விலாசமும் போதும்.”

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பஞ்சாலைக் குடியிருப்பு. பேருந்து நிலையப் பரோட்டாக் கடை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். ஒருவன் இறந்துபோயிருந்தான், அவன் மனைவியின் விலாசம்.

“பதினேழு?”

அவர் பதிவேட்டைப் பிரித்து அதில் இருந்தபடியே வாசித்தார். கதவு எண். தெரு.

பீர் முகமதுவின் பேனா தெருவின் பெயரில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

“இது ஒங்க வீடுல்லா.”

“ஆமா,” என்றார் அவர். “அதுக்குப் பொறகு உள்ள விலாசம் எங்கிட்ட இல்ல.”