எட்டு வீட்டு அடுப்பு

எங்கள் மாடியில் எட்டு வீடுகள். இரவுக்கு என்ன சமையல் என்பதை அந்தந்த வீட்டு அடுப்பே மற்ற வீட்டுக் கைபேசிகளுக்கெல்லாம் சொல்லிவிடும். யார் கேட்டார்கள் இதை? வாரத்தில் நான்கு நாள் என் வீட்டில் உப்புமா என்பது தெரிந்து மானமே போயிற்று.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். இன்று மாலை அப்பா கண் விழித்து, "பசிக்குது" என்றார். அதன் பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். அணைத்து வைத்திருந்த கைபேசியை பஸ்ஸில் திறந்தால், எட்டு வீட்டுக்கும் நேராக ஒரே வரி: அடுப்பு எரியவில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை மற்ற வீடுகளிலும் உலை வைக்காத மாடி அது. யாராக இருக்கும்?

படியேறினால் எல்லாரும் என் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு சகாயமேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவை எப்பம்மா கொண்டு வர்றாங்க?"

"திங்கக்கிழமை. நடந்தே வருவாரு. இங்க யாருக்கா போனது?"

அக்கா விழித்தார். "ஆபரேஷன்னு சொல்லிட்டுப் போன. மூணு நாளா உன் அடுப்பு எரியல. இன்னைக்குப் போனும் போகல. நாங்க..." அழுதுகொண்டே சிரித்தார்.

பின்னால் நின்ற கதிரேசன் மாமா, "காலையிலேர்ந்து பட்டினி. முதல்ல நீ பத்தவைம்மா" என்றார்.

உள்ளே ஓடி ரவையை வறுத்தேன். வாசலில் ஏழு கைபேசிகள் ஒன்றாக மணியடித்தன.

என் உப்புமாவுக்குக் கைதட்டினார்கள்.