டப்பா கட்டின கார்

சத்தமே போடாத காருக்குப் பின்னால் தகர டப்பாவைக் கட்டிவிட்டால், பார்க்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

அல்சூர்ப் பேட்டையே சிரித்தது. ஞானசேகரனுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக ஓஸ்வால்ட் அண்ணனோடு சேர்ந்து அவனும் இழைத்த வண்டி. மூன்றே சக்கரம். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த மோட்டார், லாரி பேட்டரி இரண்டு. பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது. பூனை நடக்கிற மாதிரி போகும்.

போன வாரம் வரைக்கும் அப்படித்தான் போனது. இப்போது அதன் வாலில், கூழாங்கல் போட்ட பிஸ்கட் டின். தரையில் இழுபட்டு டக டக டக டக.

"எதுக்குண்ணே இது?"

"பேச்சுத் துணைக்கு" என்றார் ஓஸ்வால்ட், ஸ்பேனரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வேணும்னா ஒரு ஹார்ன் மாட்டுங்களேன்."

"ஹார்ன், வண்டி வருதுன்னு சொல்லும். எங்க வருதுன்னு சொல்லுமா?"

இதெல்லாம் ஒரு பதிலா?

தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "திருஷ்டிக்குக் கட்டியிருக்காருடீ..." என்று குழாயடியில் இழுத்தாள் பாஞ்சாலி. "விளம்பரம் ஓய், சுத்த விளம்பரம். நாலு பேர் திரும்பிப் பாக்கலேன்னா அவனுக்குச் சோறு எறங்காது" என்றார் எதிர்வீட்டு சீனிவாசராகவன், பொடியை உறிஞ்சி, தும்மல் வராத ஏமாற்றத்தோடு. ஜட்கா ஓட்டுகிற பாஷா வேறு, "நம்ம குதிரைக்குச் சலங்கை கட்றோம்ல சாப், அதப் பாத்து அவருக்கும் ஆசை வந்துருச்சு" என்றான்.

சனிக்கிழமை சேஷகிரி வருவதாக இருந்தது. அல்சூருக்கு அப்பால் அடுகோடிப் பேட்டையில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். வண்டி நிஜமாகவே சத்தமில்லாமல் ஓடினால், தன் ஷெட்டிலேயே பத்து வண்டி செய்யலாம், இரண்டு பேரும் அங்கேயே வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தினக்கூலிக்கு லேத் ஓட்டும் ஞானசேகரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? டப்பாதான் குறுக்கே நின்றது.

சனிக்கிழமை ஓஸ்வால்ட் சட்டை மாற்றப் போன நேரம் பார்த்து அவன் கட்டிங் பிளேயரை எடுத்தான். கம்பிக்கு ஒரே வெட்டு. டப்பா அண்ணன் ஷெட்டின் மூலைக்குப் போயிற்று.

சேஷகிரி கோட்டும் தொப்பியுமாக முன்னால் உட்கார்ந்தார். ஞானசேகரன் பின்பலகையில் தொற்றிக்கொண்டான். வண்டி வெண்ணெயாக வழுக்கியது.

"ஐ ஸே, மிஸ்டர் ஓஸ்வால்ட், இது போகுதா, நிக்குதா? ஒண்ணுமே தெரியலையே. மேடு ஏறுமா? மழை வந்தா? பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும்?"

அவர் கேட்கக் கேட்க, ஓஸ்வால்ட் பதில் சொல்லச் சொல்ல, டப்பா நினைப்பே எழவில்லை. பின்னால் ஞானசேகரன் மனசுக்குள் பத்து வண்டிக்கும் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டான்.

ஏரிக்கரைத் திருப்பம் வந்தது. உயரமான மதில், அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஓஸ்வால்ட் சடாரென்று பிரேக் பிடித்துத் திரும்பினார்.

"ஞானம், டப்பா எங்க?"

"ஷெட்டுல இருக்குண்ணே. சார் இருக்காரு, போங்க" என்று பல்லைக் கடித்தான் ஞானசேகரன்.

ஓஸ்வால்ட் மதிலைப் பார்த்தார். வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே வாயைத் திறந்தார்.

"டக டக டக டக டக டக."

தலை நரைத்த மனுஷர். கழுத்து நரம்பு புடைக்க.

சேஷகிரி சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்தார். "ஏனாய்த்து, என்ன ஆச்சு இவருக்கு? நிறுத்துங்க, நான் இறங்கிக்கறேன்." வண்டி நின்றது, இறங்கியும்விட்டார். ஞானசேகரனின் கண்ணெதிரே பத்து வண்டியும் வரிசையாக ஏரிக்குள் போயின.

ஓஸ்வால்ட் வாயை நிறுத்தவில்லை. டக டக டக டக.

மதிலுக்கு அந்தப் பக்கம் தடி தட்டுகிற ஓசை. பிரம்பு நாற்காலி பின்னுகிற கோவிந்தன் திருப்பத்தில் வந்தான். அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கால் பெருவிரலில் அழுக்கேறிய கட்டு. டக டக வந்த திசைக்குக் காதைத் திருப்பி, சுவரோரம் ஒதுங்கிச் சிரித்தான்.

"என்ன ஓஸ்வால்ட் அண்ணே, வண்டிக்கு இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா? சத்தத்தை விட்டுடாதீங்க. பின்னால எங்க பிரம்புப் பட்டறை ஆளுங்க அஞ்சு பேரு வர்றாங்க. போன வாரம் சத்தமில்லாம ஏறினது என் விரலோட போச்சு. அவங்களாவது முழுசா வீடு போய்ச் சேரட்டும்."

முன்னவர் தோளில் பின்னவர் கை வைத்தபடி அந்த வரிசை மதிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஓஸ்வால்டுக்கோ நாக்கு வறண்டு, டகடகவில் பாதி வெறும் காற்றாகப் போனது. ஞானசேகரன் பின்பலகையிலிருந்து குதித்து, வண்டி நகராமல் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

சேஷகிரி வண்டியைச் சுற்றி வந்து மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"அப்போ பத்து வண்டிக்கும் பத்து டப்பா வேணும்" என்று முனகினார். கோட்டின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டக டக டக டக."