படுத்திருப்பவரின் உயரம்

"சிங்கிள் மெத்தையிலேயே மூணு நீளம் இருக்குங்கம்மா. படுக்கிறவர் உயரத்துக்கு மேல ஒரு சாண் விட்டு எடுங்க" என்று கடைக்காரர் போனில் சொன்னார். விழுந்ததிலிருந்து எழுந்து நிற்காத கணவர் பரமானந்தம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். தமயந்தி தையல் டேப்பை அவர் உச்சந்தலையில் வைத்துக் குதிகால்வரை இழுத்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது: படுத்திருப்பவரை யாரும் இப்படி அளப்பதில்லை, பாடைக்கு மூங்கில் வெட்டுகிறவர்களைத் தவிர. பதறிப்போய் டேப்பைச் சுருட்டினாள். அவர் கண் திறந்திருந்தது.

"எவ்வளவு வந்துச்சு?"

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? மெத்தை எனக்கு." அவரை ஒட்டி வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்தாள். டேப்பின் நுனியை அவர் கையில் திணித்தாள். "ம், அளங்க."