பெரிய வீட்டுப் பெயர்

“எங்க வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போனதத் திருப்பிக் குடுத்துரு தமிழ்மதி. சத்தமில்லாம முடிச்சுக்குவோம்.”

மகேஸ்வரியம்மா அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னபோது, தமிழ்மதி கையிலிருந்த மண்சட்டியைக் கீழே வைத்தாள். இந்த அரிசி ஆலைக்காரர் வீட்டில் நாலு வருடமாகச் சமையல் வேலை. ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக்கூட அவள் கேட்காமல் எடுத்ததில்லை.

“நான் என்னம்மா எடுத்தேன்? பையக் கொட்டிக் காட்டவா?”

“பைக்குள்ள இருக்குறது இல்லடி. பேரு. ஆத்விக்.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போன வாரம் தன் மூன்று மாதப் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே ‘எங்கள் ஆத்விக்’ என்று எழுதியிருந்தாள். இந்த வீட்டிலும் பேரனுக்கு அதே பெயரைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள்.

“அது நானாத் தேடுனதும்மா. செம்பட்டி பஸ்ஸுல உக்காந்து போன்ல பாத்துப் பாத்து எடுத்தேன்.”

“இருக்கட்டும். நாளைக்கு இந்த வாசல்ல நின்னு ‘ஆத்விக்’னு கூப்பிட்டா எம் பேரன் திரும்புவானா, உம் மகன் திரும்புவானா? வாரவுக போறவுக என்ன நெனைப்பாக? இன்னும் சர்டிபிகேட்ல ஏத்தலைல்ல, மாத்திரு.” குரலைத் தணித்துக்கொண்டார். “ஒம் புருசனும் நம்ம மில்லு வண்டிதான ஓட்டுறான்.”

தமிழ்மதி அம்மிக்குப் போனாள். அந்த வீட்டு மருமகள் இளவேனில் கோயம்புத்தூரில் படித்து, வீடுகளுக்கு அலங்காரம் செய்து கொடுக்கும் வேலை பார்த்தவள். பிரசவம் முடிந்து இங்கே வந்ததும் முதல் வேலையாக மிக்சியைப் பரணில் ஏற்றிவிட்டாள். அம்மி, மண்சட்டி, சாமைச் சோறு, கேழ்வரகுக் களி என்று இவளுக்குத்தான் தோள்பட்டை விட்டுப் போனது.

சாயங்காலம் கணவன் பாண்டியராஜிடம் கொட்டித் தீர்த்தாள்.

“மொதல்லயே எங்கய்யா பேர வைன்னு சொன்னேன். கேட்டியா நீ?” என்றான் அவன்.

“எது, சடையாண்டியா?” அவள் சீறினாள். “வெங்காய மண்டியில உங்கய்யாவ அறுவது வயசுலயும் ‘ஏலே சடையா, மூட்டையத் தூக்குலே’ன்னுதான கூப்பிட்டாய்ங்க? நேத்து மீச மொளைச்ச பயகூட அப்படித்தான் கூப்பிட்டான். அந்தப் பேரக் கேட்டாலே தலையில மூட்டைய ஏத்தணும்னு தோணுது அவனுகளுக்கு. எம் மகன அப்படி ஒருத்தன் கூப்பிடக் கூடாது.”

“அப்ப வேற தேடு.”

தேடினாள். மூன்று நாள் தேடினாள். துருவ் பிடித்திருந்தது, அது ஆலை மேனேஜர் மகன். ரேயான்ஷ் பிடித்திருந்தது, அது எதிர்வீட்டு டாக்டரம்மா பேரன். எந்தப் பெயரைத் தொட்டாலும் அதில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான்.

நாலாம் நாள் மாநகராட்சி அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கும் ஜன்னல் முன்னால் நின்றாள். தோளில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“பேரு என்னம்மா? பேரே வைக்காம வந்துட்டியா?” என்றார் எழுத்தர்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“சடையாண்டின்னு எழுதுங்க சார்.”

எழுத்தர் தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தார். லேசாகச் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். மாமனாருக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் அந்தச் சிரிப்பை அவள் மண்டியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அன்று இரவு பாண்டியராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. “எங்கய்யா வந்துட்டாரு, எங்கய்யா வந்துட்டாரு” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில், பெயரை மாற்றிவிட்டதற்குச் சாட்சியாகச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மகேஸ்வரியம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே எதிர்ப்பட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாடி தமிழ்மதி. அந்த ஆத்விக்க நீயே வச்சுக்க. எங்களுக்கு வேணாம்.”

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அம்புட்டுக் கண்டிசனாச் சொன்னீங்களே!”

“நான் என்னத்தச் செய்ய? எம் மருமகதான் வேணாம்ட்டா. இப்பத் தெருவுக்கு நாலு ஆத்விக் இருக்கானாம். ரொம்ப லோக்கலா இருக்காம். அவ கூட்டாளிக வீட்டுலல்லாம் இப்ப வேற மாதிரிதான் பேரு வைக்கிறாகளாம். நேத்தே காதுல மூணு தடவ சொல்லி வச்சாச்சு.”

தமிழ்மதியின் கைக்குள் சான்றிதழ் கசங்கியது.

“என்ன பேரும்மா?”

மகேஸ்வரியம்மா பெருமை பிடிபடாமல் பேரனை உயரத் தூக்கிக் காட்டினார்.

“சடையாண்டி! கேட்டாலே பெரிய வீட்டுப் புள்ளன்னு தெரியுதுல்ல?”