சம்பந்தியின் பின் டயர்

அண்ணன் சொல்லும் இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. அண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணனும் அவருடைய சம்பந்தியும், அதாவது மகளின் மாமனாரும், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மலைப்பாதை ஏறுவார்கள். தடித்த டயர் போட்ட சைக்கிள்கள். உள்ளே ட்யூப் கிடையாது.

"அவர் பின் டயர்ல காத்து நிக்கவே நிக்காதுடா," என்பார் அண்ணன். "ஒரு வளைவு ஏறுவோம். 'சம்பந்தி, கொஞ்சம் இருங்க'ன்னு பம்பை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவார். அடுத்த வளைவு, அதே பாட்டு. புது டயர் வாங்க மனசு வராது. கஞ்சப் பிசினாறி."

"நீங்க முன்னால போகவேண்டியதுதானே?"

"பொண்ணு கொடுத்த இடமாச்சே, விட்டுட்டுப் போக முடியுமா? பாறையில உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருப்பேன். மத்தபடி நானா எங்கேயும் நின்னதில்ல, தெரியுமில்ல?"

தெரியும். அண்ணன் மாரடைப்பு வந்து பிழைத்த வருடம் மகள் அவருடைய சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "நான் கூடப் போறேன்மா" என்று அவளிடமிருந்து சாவியை வாங்கித் தந்தவர் இந்தச் சம்பந்திதான்.

"கூட வர்றேன்னு வந்து என் உயிரை வாங்கறார்," என்பார் அண்ணன்.

ஒருமுறை நானும் அவர்களோடு சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். மெக்கானிக் டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். சின்ன ஓட்டைகளை அடைப்பதற்காக உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைப் பசை அவர் விரலில் தெறித்தது. ரிம்மில் புது டேப் ஒட்டி, வால்வை மாற்றி, புதிதாகப் பசை ஊற்றி, காற்றடித்து, சக்கரத்தைக் கொக்கியில் மாட்டினார்.

சனிக்கிழமை போய் அழுத்திப் பார்த்தோம். கல் மாதிரி இருந்தது.

ஞாயிறு, முதல் வளைவிலேயே காற்று இறங்கிவிட்டது.

அண்ணன் என்னையும் வரச் சொல்லி, சம்பந்தியோடு நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். "என்னய்யா ரிப்பேர் பண்ணினீங்க? கொக்கியில தொங்கறப்ப மட்டும் காத்து நிக்குமா?"

மெக்கானிக் சம்பந்தியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தோரம் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"என்ன சார் அது?"

"வீட்ல பெயிண்ட் அடிச்சோம்," என்று சம்பந்தி கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். "சில டயர் அப்படித்தான் சார். பம்பைக் கையோட வெச்சுக்குங்க."

"நல்ல மெக்கானிக், நல்ல சம்பந்தி. எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு," என்றார் அண்ணன்.

போன ஞாயிறு சம்பந்திக்குக் காய்ச்சல். அண்ணன் தனியாகப் போயிருக்கிறார். நேற்று நான் அவர் வீட்டுக்குப் போனபோது சொன்னார்.

"எங்கேயும் நிக்காம ஒரே மூச்சா ஏறிடலாம்னு ஆசையாப் போனேன். பாதி வழியில நெஞ்சை அடைச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல, வெயில். ஆனா தனியாப் போறதுதான்டா நிம்மதி. இனிமே அவரைக் கூப்பிடப்போறதில்ல."

டீ கொண்டுவந்த அண்ணி அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார்.

இத்தனை வருடம் இடித்தது எது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. கேட்கலாமா, வேண்டாமா என்று டீ ஆறும்வரை யோசித்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணா, ஏறும்போது வளைவுக்கு வளைவு நிப்பார்னு சொல்றீங்க, சரி. இறங்கும்போது, அதே கல்லு முள்ளுல, ஒரு தடவையாவது அவர் டயர்ல காத்து போயிருக்கா?"